கம்பெனி கார், சொந்த வேலை, விபத்து: முதலாளி பொறுப்பா?

கேள்வி: நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளுக்கு மருந்தும் தீவனச் சேர்க்கையும் விற்கும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். சேல்ஸ் ரெப்களில் ஒருவருக்குக் கம்பெனி பெயரிலேயே கார் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் சொந்த வண்டியில் போகிறார்கள், கிலோமீட்டர் கணக்கில் பணம் தருகிறேன். கார் வைத்திருக்கும் ரெப் ஒருநாள் ராசிபுரம், ஆத்தூர் லைன் போனார். ஆத்தூரில் கடைசிப் பண்ணையைப் பார்த்து முடித்தவர், நேராகத் திரும்பாமல் தங்கையின் கல்யாணப் பத்திரிகை வைக்கத் தம்மம்பட்டி பக்கம் போயிருக்கிறார். அந்த ரோட்டில் மொபட்டில் வந்த பெரியவர் ஒருவர் மீது கார் மோதிவிட்டது. பெரியவருக்குத் தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது. ரெப்புக்கும் கையில் எலும்பு முறிவு. இப்போது 12 லட்சம் இழப்பீடு கேட்டுத் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலிருந்து எனக்கும் சம்மன் வந்திருக்கிறது. இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது. ரெப்புக்கு லைசென்ஸும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அவர் சொந்த வேலையாகப் போனதற்கு நான் ஏன் பொறுப்பு? ‘அனுமதியில்லாமல் காரை எடுத்துப் போனார் என்று எழுதிக் கொடுங்கள்’ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அப்படிச் செய்யலாமா? என் கைப்பணம் போனால் அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா? அவருடைய கைச் செலவு யாருடையது?

பதில்: அந்தத் தெரிந்தவர் சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். மற்ற எதையும் பொறுமையாகப் பேசிக்கொள்ளலாம், இதைப் பொறுமையாகப் பேச முடியாது.

காரை அந்த ரெப்பிடம் கொடுத்தது நீங்கள். சாவி இரவும் பகலும் அவரிடம்தான் இருக்கிறது. வீட்டு வாசலில்தான் நிறுத்துகிறார். பெட்ரோல் பில்லை மாதாமாதம் பாஸ் செய்வதும் நீங்கள்தான். இவ்வளவும் இருக்க ‘அனுமதியில்லாமல் எடுத்துப் போனார்’ என்று எதிருரையில், அதாவது வழக்குக்கு நீங்கள் கொடுக்கும் எழுத்துப் பதிலில், எழுதினால், குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம் நிற்காது. அவருடைய டூர் புரோகிராம், அன்று யார் யாரைப் பார்த்தார் என்ற கால் ரிப்போர்ட், ஃபாஸ்டேக் கணக்கு, உங்களோடு அன்று பேசிய போன் அழைப்புகள் எல்லாம் வெளியே வரும். மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவின்படி, வண்டியை யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால் உண்மையைச் சொல்வது உரிமையாளரின் கடமை. ஸ்டேஷனில் ஒன்றும் தீர்ப்பாயத்தில் வேறொன்றும் சொல்ல முடியாது. இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் எழுதப்போகும் அந்த ஒரு வரி, உங்களிடம் வேலை பார்க்கும் மனிதரைத் திருடன் என்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளில் அவர் மேல் ஏற்கெனவே ஒரு கிரிமினல் வழக்கு இருக்கும். அதன்மேல் இதையும் ஏற்றாதீர்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் பயம் எல்லாம் ‘அவர் சொந்த வேலையாகப் போனார்’ என்ற இடத்திலேயே சுற்றுகிறது. அந்தப் பெரியவரின் இழப்பீட்டைப் பொறுத்தவரை நான் முதலில் பார்ப்பது அதையல்ல. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, பாலிசி அன்று நடப்பில் இருந்ததா, ஓட்டியவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததா, இவற்றைத்தான் பார்ப்பேன். உங்கள் பாலிசியை எடுத்து ‘பயன்பாட்டு வரம்பு’ என்று இருக்கும் பத்தியைப் படியுங்கள். தனியார் கார் பாலிசியில் அது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, பந்தயம், மோட்டார் வணிகம் போன்ற சிலவற்றைத் தவிர வேறு எந்தக் காரியத்துக்கும் காரைப் பயன்படுத்தலாம். ஓட்டுநர் பற்றிய பத்தியில், செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம் என்று இருக்கும். பண்ணைக்குப் போனாரா, பத்திரிகை வைக்கப் போனாரா என்று பாலிசி கேட்பதில்லை. இரண்டுக்கும் அது பொருந்தும்.

உச்ச நீதிமன்றமும் இந்த வழியில்தான் போயிருக்கிறது. கோவாவைச் சேர்ந்த ஒரு வழக்கில் உரிமையாளர் காரை ரிப்பேருக்குக் கொடுத்தார், பட்டறை ஆள் ஓட்டும்போது விபத்து. உரிமையாளரின் வேலையை அந்த ஆள் செய்யவில்லை, உரிமையாளரிடம் சம்பளமும் வாங்கவில்லை. ஆனாலும் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தாக வேண்டும் என்று 1988-ல் தீர்ப்பு வந்தது. வண்டியைப் பொது ரோட்டில் இன்னொருவர் ஓட்ட விடும் உரிமையாளர், அவர் ஓட்டும்போது நடக்கும் விபத்துக்கும் சேர்த்துத்தான் தேர்டு பார்ட்டி பாலிசி எடுக்க வேண்டும் என்கிறது சட்டம். ரோட்டில் போகிறவரைக் காப்பாற்றவே அந்த ஏற்பாடு. தொடை எலும்பு முறிந்து கிடக்கும் ஒருவர், தன்மேல் மோதிய கார் ஆபீஸ் வேலையாகப் போனதா கல்யாண வேலையாகப் போனதா என்று துப்பறிய வேண்டியதில்லை.

தேர்டு பார்ட்டி மரணத்துக்கும் காயத்துக்கும் பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. அதனால் 12 லட்சம் என்ற எண்ணைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்ட தொகை அப்படியே தீர்ப்பாவதில்லை. ஆஸ்பத்திரி பில், ஊனச் சான்றிதழ், அவருடைய வயது, வருமானம் எல்லாம் பார்த்துக் குறையலாம். நியாயம் என்று பட்டால் கூடவும் செய்யலாம்.

பாலிசி நடப்பில் இருக்கிறது, நல்லது. ஆனால் ‘லைசென்ஸ் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஒரு சொல். இன்று சாயந்திரமே அவரிடம் லைசென்ஸை வாங்கி, விபத்து நடந்த தேதியில் அது நடப்பில் இருந்ததா, கார் ஓட்டும் வகை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கதை மாறும். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்ன வழி இதுதான்: அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்துவிடும், உரிமையாளர் நிபந்தனையை மீறியிருந்தால் அந்தப் பணத்தை அவரிடமிருந்து திரும்ப வாங்கும். கோர்ட் பேச்சில் ‘பே அண்ட் ரிகவர்’ என்பார்கள். நான் பார்த்தவரை சிறு முதலாளிகள் கைப்பணத்தை இழப்பது இங்கேதான். சொந்த வேலையா ஆபீஸ் வேலையா என்ற வாதத்தில் அல்ல. அதே தீர்ப்பு உரிமையாளருக்கு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. வேலைக்கு எடுக்கும்போது லைசென்ஸை வாங்கிப் பார்த்தார், நியாயமான கவனத்தோடு நடந்தார் என்றால் அவர் மேல் பழி வராது. லைசென்ஸ் நகல் உங்கள் ஃபைலில் இருக்கிறதா?

இன்னொன்று, கூச்சப்படாமல் உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். அன்று கார் டிக்கியில் என்ன இருந்தது? சரக்கு ஏற்றக் கூடாது என்ற நிபந்தனைக்குப் பக்கத்திலேயே ஒரு விலக்கும் இருக்கும்: சாம்பிளும் சொந்தச் சாமான்களும் பரவாயில்லை. மருந்துச் சாம்பிள் பெட்டி இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் உங்கள் தொழிலில் ‘அந்தப் பக்கம்தானே போகிறாய்’ என்று தீவனச் சேர்க்கை மூட்டை நாலைந்தைப் பின்சீட்டில் போட்டு அனுப்புவது சகஜம். விபத்தன்று அப்படி இருந்து, வண்டியைச் சோதித்த பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கையிலோ போலீஸ் விபத்து இடத்தில் எழுதிய மகஜரிலோ அது பதிவாகியிருந்தால், இன்சூரன்ஸ் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். இனிமேல் டெலிவரிக்கு டாடா ஏஸ் மாதிரி சரக்கு வண்டியைப் பிடியுங்கள், ரெப் காரில் மூட்டை வேண்டாம்.

இப்போது உங்கள் மூலக் கேள்வி. வேலையாள் சொந்த வேலையாகத் தடம் மாறினால் முதலாளி பொறுப்பில்லை என்ற விதி பொய்யில்லை. வெகு பழையது அது. 1869-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒயின் வியாபாரியின் வண்டிக்காரர் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கூட இருந்த குமாஸ்தா தன் சொந்தக் காரியத்துக்காக வண்டியை வேறு திசையில் விடச் சொன்னார். போகும் வழியில் ஒருவர் மேல் வண்டி ஏறியது. முதலாளி பொறுப்பில்லை என்றது கோர்ட். உங்கள் ஆத்தூர், தம்மம்பட்டிக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடைக்காது. நம் உச்ச நீதிமன்றமும் 1966-ல் சீதாராம் மோதிலால் கலால் வழக்கில் டாக்சி உரிமையாளரை விடுவித்தது. டிரைவர் தன் போக்கில் காரைக் கிளீனரிடம் கொடுக்க, லைசென்ஸ் டெஸ்டுக்காக அவர் ஓட்டியபோது நடந்த விபத்து அது. அந்தத் தீர்ப்பிலேயே ஒரு நீதிபதி மாறுபட்டார்.

ஆனால் 1977-க்கு வாருங்கள். கம்பெனி மேலாளர் கம்பெனி காரில் நாக்பூரிலிருந்து பாண்டுர்ணாவுக்குப் போகிறார். வேறொருவரை வழித்துணையாக ஏற்றிக்கொள்கிறார், அந்தப் பயணியால் கம்பெனிக்கு எந்தக் காரியமும் இல்லை. கார் மரத்தில் மோதி அந்தப் பயணி இறந்தார். கம்பெனி பொறுப்பில்லை என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பொறுப்புதான் என்றது. ‘வேலையின் போக்கில்’ என்பதை முன்னைப்போலக் குறுக்கிப் பார்க்கும் காலம் போய்விட்டது என்பதே புஷ்பாபாய் வழக்கு எனப்படும் அந்தத் தீர்ப்பின் சாரம். இன்றும் தீர்ப்பாயங்களில் அதிகம் காட்டப்படுவது இதுதான். ‘சொந்த வேலைக்குக் காரை எடுக்கக் கூடாது என்று சர்க்குலர் போட்டிருக்கிறேன்’ என்பதும் தனியாக நின்று காப்பாற்றாது. 1862-லேயே லண்டனில் ஒரு பஸ் கம்பெனி, பந்தயம் ஓட்டாதே என்று டிரைவர்களுக்கு அச்சடித்த அட்டை கொடுத்திருந்தும் தோற்றது.

எதிருரையில் உண்மையைத் தாராளமாக எழுதுங்கள்: பணி ஆத்தூரில் முடிந்தது, அதன் பிறகு சொந்தக் காரியமாகப் போனார். அது உங்கள் உரிமை. ஆனால் வழக்கையே அதில் கட்டாதீர்கள். உங்கள் பெயரில் உள்ள கார், நீங்கள் நம்பிக் கொடுத்த ஆள், நடப்பில் உள்ள பாலிசி என்று இருக்கும்போது நான் தருகிற எதிருரை ‘இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கட்டும்’ என்பதைத்தான் முதுகெலும்பாக வைத்திருக்கும்.

அதற்கு நீங்கள் கோர்ட்டில் நிற்க வேண்டும். சம்மனை மேசை டிராயரில் போட்டுவிட்டு, ‘இன்சூரன்ஸ்காரன் பார்த்துப்பான்’ என்று இருந்துவிடுகிறார்கள் பலர். இன்சூரன்ஸ் கம்பெனி தன் பையைத்தான் பார்க்கும், உங்கள் பையை அல்ல. நீங்கள் வராமல் எக்ஸ் பார்ட்டி ஆகிவிட்டால், லைசென்ஸ் இல்லை, மூட்டை இருந்தது என்று அவர்கள் சொல்வதற்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு ‘பே அண்ட் ரிகவர்’ உத்தரவு வந்தால், அந்தத் தொகையை நில வரி பாக்கி போலக் கலெக்டர் மூலம் வசூலிக்க 174-வது பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் சம்மன் நகலோடு பாலிசி, ஆர்.சி., லைசென்ஸ், எஃப்.ஐ.ஆர். நகல்களை இந்த வாரமே பதிவுத் தபாலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புங்கள். உங்களுக்கென்று தனி வக்கீல் வக்காலத்து போடட்டும்.

சொந்த வண்டியில் போகும் மற்ற ரெப்கள் விஷயத்தில்தான் சொந்த வேலையா ஆபீஸ் வேலையா என்பது நிஜமாகவே கனமான கேள்வி. அங்கே ஆர்.சி.யும் பாலிசியும் ரெப்பின் பெயரில். உங்களை வழக்கில் இழுக்க ஒரே கயிறு, ‘கம்பெனி வேலையாகப் போனார்’ என்பதுதான். பண்ணைக்குப் போகும் வழியில் மோதினால் அந்தக் கயிறு உங்கள் கழுத்தில் விழும், பிள்ளையை டியூஷனில் விடப்போகும்போது மோதினால் விழாது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிய கிலோமீட்டருக்கும் பணம் பாஸ் செய்திருந்தால் அந்த வித்தியாசத்தை நீங்களே அழித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதைவிட முக்கியம், அவர்களுடைய பாலிசி காலாவதி ஆகியிருக்கிறதா என்பது. ரெப்பிடம் இன்சூரன்சும் இல்லை, சொத்தும் இல்லை என்றால் அடிபட்டவரின் வக்கீல் தேடி வருவது கம்பெனியைத்தான். பைக்குக்கு இன்சூரன்ஸ் போடாமல் ஓட்டும் பழக்கம் நம் ஊரில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பாலிசி நகல் கொடுத்தால்தான் கிலோமீட்டர் பணம் என்று வைத்துவிடுங்கள். வண்டி அலவன்சில் பிரீமியத்துக்கும் சேர்த்துக் கொடுத்தால் சண்டை வராது.

ரெப்பின் கை முறிவுக்கு வருகிறேன். இங்கே பதில் அவருக்குச் சாதகமாக இல்லை, வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். மோதலுக்கு அவர் ஓட்டியதுதான் காரணம் என்றால், தன் காயத்துக்கு அதே காரின் தேர்டு பார்ட்டி பாலிசியில் அவர் கேட்க முடியாது. 1923-ன் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமானாலும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பானாலும், விபத்து வேலையிலிருந்தும் வேலையின் போக்கிலும் விளைந்ததா என்பதே அளவுகோல். ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளருக்கு ரோடுதான் பணியிடம், அதனால் லைனில் இருக்கும்வரை அவருக்குப் பாதுகாப்பு அகலமானது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தைக்கூட, நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு பொருந்தினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிகாலை 3 மணி ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போன சர்க்கரை ஆலைக் காவலாளியின் குடும்பம் தொடுத்த வழக்கு அது. ஆனால் பத்திரிகை வைக்கப் போன ரோட்டை எப்படி நீட்டினாலும் வேலையோடு சேர்க்க முடியவில்லை. பத்திரிகை வைத்துவிட்டு ராசிபுரம் ரோட்டுக்குத் திரும்பிய பிறகு நடந்திருந்தால் வேறு மாதிரி வாதாடியிருக்கலாம்.

அவர் ஈ.எஸ்.ஐ.யில் இருந்தால் வைத்தியத்துக்கு அங்கே போகலாம், சாதாரண சிகிச்சைக்கு வேலை விபத்தாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடுத்த முறை பாலிசியைப் புதுப்பிக்கும்போது ‘ஐ.எம்.டி. 29’ என்று கேளுங்கள். உங்கள் காரை ஓட்டும் அல்லது அதில் போகும் பணியாளருக்கு நீங்கள் சட்டப்படி கொடுக்க வேண்டிய இழப்பீட்டை அது ஏற்கும். பிரீமியம் அற்பத் தொகைதான், ஆனால் கேட்காவிட்டால் யாரும் போட்டுத் தருவதில்லை. கம்பெனி பெயரில் உள்ள காருக்கு, தனிநபர் கார்களில் வரும் 15 லட்ச ரூபாய் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதனால் ரெப்கள் பெயரில் தனியாகக் குழு விபத்துப் பாலிசி ஒன்று எடுங்கள். பணி நேரத்துக்கு மட்டும் என்றில்லாமல் எல்லா நேரத்துக்கும் பொருந்தும்படி எடுத்தால், அவர் சொந்த வேலையாகப் போனாரா என்ற கேள்வியே எழாது.

சம்பளத்தில் பிடிப்பது பற்றி. இன்சூரன்ஸ் கொடுக்கும் பணத்தில் உங்களுக்கு நஷ்டமில்லை, எனவே பிடிக்க ஒன்றுமில்லை. கார் ரிப்பேருக்கு, உங்கள் பாலிசியில் ஓன் டேமேஜ் (சொந்தக் காரின் சேதத்துக்கான பாதுகாப்பு) சேர்ந்திருந்தால் அது இருக்கிறது. அதில் கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டியது 1,500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000, அப்புறம் தேய்மானக் கழிவு. சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்கள் குறிப்பிட்ட சிலதான். அவருடைய கவனக்குறைவால் உங்களுக்கு நஷ்டம் என்று பிடிப்பதாக இருந்தாலும், விளக்கம் கேட்டு அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் பிடிக்க முடியும். கேட்காமல் மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தால், நாளை லேபர் ஆபீசில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள். தீர்ப்பாயத்தில் உங்களுக்கு மிக முக்கியமான சாட்சியும் அவர்தான். காரை எப்படிக் கொடுத்தீர்கள், லைசென்ஸைப் பார்த்தீர்களா, டிக்கியில் என்ன இருந்தது என்றெல்லாம் கூண்டில் ஏறிச் சொல்லப்போகிறவரிடம் இப்போது சம்பளச் சண்டை வேண்டாம். கை கூடும்வரை அவரை ஆபீசில் உட்கார வைத்து ஆர்டர் எடுக்கவும் கலெக்ஷன் கணக்கு பார்க்கவும் விடுங்கள். பண்ணைக்காரர்களுக்கு அவர் போன் நம்பர்தானே தெரியும்.